பூந்தமல்லிக்குப் போய் ஆட்டுக் கணையம் வாங்கிய கதை

உலகச் சண்டை தொடங்கியதும் சீமையிலிருந்து கப்பலில் வரும் நொதிப் பொடி நின்றுபோனது. உடலில் புரதமும் கொழுப்பும் எப்படிச் சிதைகின்றன என்பது என் ஆராய்ச்சி. இரண்டையும் சிதைக்கும் சரக்கு ஆட்டின் கணையத்தில் இருக்கிறது. ஆய்வகச் சிப்பந்தி பூந்தமல்லியிலிருந்து மூன்று முறை வாங்கிவந்தார். மூன்று முறையும் சோதனை பலிக்கவில்லை. "சனிக்கிழமை வரைதான். அப்புறம் உன் மேசை வேறொருவருக்கு," என்றார் ஆய்வகத் தலைவர். நானே கசாப்புக் கடைக்குப் போகிறேன் என்றேன். பெண்பிள்ளை போகிற இடமா அது என்று கேட்டார். வியாழக்கிழமையே போனேன்.

காலை ஐந்தரைக்குப் பாரிமுனையில் பஸ். பதினான்கு மைல், நாலணா. பெட்ரோல் பஞ்சத்தால் கரி அடுப்பில் ஓடும் வண்டி, புகை அத்தனையும் நமக்குத்தான். மடியில் மரத்தூளில் புதைத்த ஐஸ் டப்பா. ஏழரைக்குப் பூந்தமல்லி சேர்ந்தேன்.

கடைக்கார பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டருங்க கேக்கறாங்கன்னு உங்க ஆளு சொன்னாரும்மா. கணையம்னா இன்னான்னு தெரியல, ரத்தம் ஊறத்தான்னு நெனச்சு சுவரொட்டிய கொத்திக் குட்துகினு இருந்தேன்."

இறைச்சிக் கடையில் சுவரொட்டி என்றால் மண்ணீரல். கணையத்தைப் பொடியாக மட்டுமே பார்த்திருந்த நான், மூன்று வாரம் மண்ணீரலை அரைத்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. புத்தகப் படத்தை நினைத்துக்கொண்டு, குடல் வளைவில் ஒட்டியிருந்த வெளிறிய சதையைக் காட்டினேன்.

"இதா? இத்த நாய்க்குப் போட்டுடுவோம்மா."

"இனிமேல் எனக்குப் போடுங்கள்," என்றேன்.

திரும்பும்போது மதுரவாயலில் அடுப்பு அணைந்தது. அரை மணி ஆகும் என்றார் டிரைவர். ஐஸ் பாதி தண்ணீர். சூடு ஏறினால் கணையம் தன்னையே தின்றுவிடும். ஆய்வகம்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. கைப்பையில் ஒரு சோதனைக் குழாயும் லிட்மஸ் கலந்த நீலப் பாலும் இருந்தன. பாலைக் குழாயில் ஊற்றி, கணையத்தில் ஒரு துண்டை நசுக்கிப் போட்டு, கையில் பொத்தி வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டேன். வண்டி கிளம்புமுன் பால் சிவந்தது.

"இன்னாம்மா, பாலு செவக்குது? கெட்டுப்பூட்ச்சா?" என்றார் டிரைவர்.

"இல்லை அண்ணே. கொழுப்பு உடைந்து அமிலமாகிறது. இப்போதுதான் உருப்பட்டது."

குழாயைத் தலைவர் முன்னால் வைத்தேன். எங்கே செய்தாய் என்றார். மதுரவாயல் ரோட்டில் என்றேன். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சரி, மேசை உன்னிடமே இருக்கட்டும். அடுத்த வாரம் சிப்பந்தி போவார்," என்றார்.

"நான்தான் போவேன்," என்றேன்.

இதே வேலையாகப் பூந்தமல்லி போகிறவர்கள் ஐஸ் இரட்டிப்பாக எடுத்துச் செல்லுங்கள். கொத்தித் தருவதை வாங்காதீர்கள், முழுதாகக் கண்ணால் பாருங்கள். யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். நான் கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் இன்னும் சுவரொட்டிதான் அரைத்துக்கொண்டிருப்பேன்.