நடிப்பு என்று தீர்ப்பான வலிப்பு

ஒருமுறை பொய்யாக விழுந்தவளுக்கு, அதன் பிறகு நிஜமாக விழும் உரிமை உண்டா, இல்லையா? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். திலெம்சான் நகரில் ஸுலீகாவைத் தெரிந்த எல்லோரும் அவசரப்பட்டுத்தான் சொன்னார்கள்.

ஹாஜ்ஜா பஹிஜா நடத்தும் ஹம்மாம் என்ற பொது வெந்நீர்க் குளியல் கூடத்தில், பெண்கள் குளிக்கும் நேரத்தில், முதுகு தேய்ப்பது அவள் வேலை. முரட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு அவள் தேய்த்தால் அழுக்கோடு அலுப்பும் உரியும் என்பார்கள். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. வருவதற்கு முன் ரப்பர் எரிவது போல ஒரு நாற்றம் அடிக்கும். அடிவயிற்றிலிருந்து காரணமில்லாத பயம் ஒன்று ஏறும். பிறகு அவள் அங்கே இருக்கமாட்டாள். திரும்பி வரும்போது நாக்கு கடிபட்டிருக்கும், சுற்றிலும் முகங்கள் இருக்கும்.

வலிப்போடு முடிந்திருந்தால் ஊர் இரக்கப்பட்டிருக்கும். அவளிடம் இன்னொன்றும் இருந்தது. யாரையாவது பிடித்துப்போனால் தலைமேல் தூக்கி வைப்பாள். அதே ஆள் ஒருநாள் போனை எடுக்காவிட்டால், உலகமே தன்னைக் கைவிட்டதாக வெடிப்பாள். தட்டுகள் உடையும். கோபம் வடிந்ததும் வெட்கம் வரும், அந்த வெட்கத்தில் தன்னையே காயப்படுத்திக்கொள்வாள். அம்மா செத்த பிறகு அவள் காலூன்றி நின்ற ஒரே இடம் தங்கை நவால்தான். நவால் போய்விட்டால் நிற்க இடமில்லை.

அந்தப் பொய் இந்தப் பயத்தில் பிறந்தது. நவாலைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். காபி ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஸுலீகா விரிப்பில் விழுந்து கைகால்களை உதறினாள். கண்களை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். நிஜ வலிப்பில் தன் கண்கள் திறந்தே இருக்கும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அத்தை யமீனா முக்காட்டிலிருந்து ஊசியைப் பிடுங்கி உள்ளங்காலில் குத்தினாள். ஸுலீகா அலறிக்கொண்டு காலை இழுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா? இவளப் பிடிச்ச ஜின்னுக்கு ஊசின்னா நடுக்கம்!" என்றாள் யமீனா.

வந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்துச் செருப்பைத் தேடினார்கள். சம்பந்தம் அதோடு போயிற்று.

யமீனா அவளை மனநல மருத்துவரிடம் இழுத்துப் போனாள். அவர் ஸுலீகாவின் கையிலிருந்த பழைய தழும்புகளைப் பார்த்தார், ஊசிக் கதையைக் கேட்டார். மூளை அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனையை முன்பு எடுத்ததில் ஒன்றும் தெரியவில்லை என்பதையும் பார்த்தார். வலிப்பு வராத நேரத்தில் எடுத்தால் வலிப்புக்காரரின் பதிவும் சுத்தமாகவே இருக்கலாம். அது அவருக்குத் தெரியாததல்ல. "எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு" என்றார். அதில் தவறில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். விழுவதும் அதில் ஒரு பகுதிதான் என்று சொல்லி அவள் சாப்பிட்டுவந்த வலிப்பு மாத்திரையை நிறுத்தினார்.

"விழுந்தா யாரும் பாக்காதீங்க. நீங்க பாக்கறதாலதான் அவ விழறா."

ஜின் என்று சொன்ன அத்தையை மூடநம்பிக்கைக்காரி என்கிறோம். இவரை என்னவென்று சொல்வது? ஒரு மனிதருக்கு ஒரு நோய்தான் இருக்க முடியும் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

நவாலுக்கு மறுபடி வரன் வந்தது, ஓரான் நகரத்திலிருந்து. இந்த முறை ஸுலீகா வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் நடக்கும் மணப்பெண் குளியலில் தங்கைக்குத் தானே முதுகு தேய்ப்பதாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த ஒரு நாளைக் கெடுக்காமல் இருந்துவிட்டால் நவால் தன்னை மன்னித்துவிடுவாள் என்று நம்பினாள். அவளுக்கு வேண்டியது அதுதான்.

ஹம்மாமின் சூட்டறையில் மெழுகுவர்த்தி, தர்புக்கா மேளம், குலவை. நவாலின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு ரப்பர் நாற்றம் அடித்தது.

சொன்னால் நாடகம். சொல்லாவிட்டால் இங்கேயே, கொதிநீர்த் தொட்டியின் பக்கத்திலேயே விழுவாள். கையுறையைக் கழற்றிவிட்டு வாசலுக்கு நகர்ந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு யமீனா மெழுகுவர்த்தியோடு நின்றாள்.

"அத்தை, வழி விடு. நான் வெளிய போகணும்."

"எங்கடி போற? தங்கச்சிக்குப் பாடுற நேரத்துல மூஞ்சியத் தூக்கிக்கிட்டு?"

"வருது அத்தை..."

"வரும், வரும்! இன்னிக்கு வராம என்னிக்கு வரும்? ராணி மாதிரி அவ உக்காந்திருக்கா, ஒனக்குப் பொறுக்கலை. போ, போய் வேலையப் பாரு."

பயம் தொண்டை வரை ஏறியது. ஸுலீகா திரும்பினாள். அதற்கு மேல் அவளுக்கு நினைவில்லை.

விழும்போது கை வெந்நீர்க் குழாயில் பட்டு அது திறந்துகொண்டது. பாட்டு ஒரு கணம் தடுமாறியது. எல்லோரும் மணப்பெண்ணைப் பார்த்தார்கள். நவாலின் முகம் கல்லாகியது.

"யாரும் பாக்காதீங்க. டாக்டர் சொல்லியிருக்காரு. பாடுங்க" என்றாள்.

பாடினார்கள். அக்காவின் தோளில் கொதிநீர் கொட்டிக்கொண்டிருக்க, தங்கைக்குக் குலவையிட்டார்கள். முன்னறையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஹாஜ்ஜா பஹிஜாதான், இவ்வளவு ஆவி ஏன் வருகிறது என்று எட்டிப் பார்த்தாள்.

"அடிப் பாவிங்களா! கண்ணு திறந்து கெடக்குது, வாயில ரத்தம் வருது, பாட்டா கேக்குது உங்களுக்கு?"

யமீனாவைத் தள்ளிவிட்டுக் குழாயை மூடி, ஸுலீகாவை அக்குளில் கைகொடுத்து இழுத்தாள்.

மருத்துவமனையில் தீக்காயப் பிரிவுக்கு வரவழைக்கப்பட்ட நரம்பியல் மருத்துவர் இளம்பெண். தூங்கவிடாமல் வைத்திருந்து மறுபடி இ.இ.ஜி. எடுத்தார். இம்முறை வலிப்பின் தடம் தெரிந்தது. யமீனா கேட்டாள்: "அப்ப அந்த ஆளுமைக் கோளாறு பொய்யா டாக்டர்?"

"யாரும்மா அப்படிச் சொன்னது? ரெண்டும் இருக்கு. வலிப்பு கெளம்புற எடமும் பயம், கோபம் கெளம்புற எடமும் மூளையில பக்கத்துப் பக்கத்து வீடு. ஒண்ணு இன்னொண்ணைத் தூண்டுதான்னு ஆராய்ச்சி நடக்குது, முடிவு வரலை. ஆனா ரெண்டுக்கும் வைத்தியம் பாக்கணும்னு சொல்ல முடிவு வரத் தேவையில்லை."

நவால் மருதாணிக் கையோடு கட்டிலருகே நின்றாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லக்கா?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

கல்யாணம் நடந்தது. நவால் ஓரானுக்குப் போனாள்.

மாத்திரை திரும்ப வந்தது. வலிப்பு குறைந்தது. வீடு இப்போது தலைகீழாகத் திரும்பிக்கொண்டது: எல்லாம் வலிப்புதான், மாத்திரை போட்டால் கோபமும் போய்விடும் என்கிறார்கள். பேசிப் பேசி மனதைப் பழக்கும் சிகிச்சை ஒன்று உண்டு என்று அந்த இளம் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதற்கு ஆள் தலைநகரில்தான். அவ்வளவு தூரம் அழைத்துப்போக யாருக்கும் நேரமில்லை. நவால் போனை எடுக்காத நாளில் ஸுலீகா தட்டை உடைத்தால், "மாத்திரை போட்டியா?" என்று யமீனா கேட்கிறாள். போட்டிருக்கிறாள். ஆனாலும் மனம் வலிக்கிறது. அன்று இந்தப் பக்கக் கதவைச் சாத்தினார்கள், இன்று அந்தப் பக்கக் கதவை. நடுவில் நிற்பவள் அதே ஸுலீகா. சூட்டறைக்குள் அவளை இப்போது விடுவதில்லை. முன்னறையில் துண்டு மடிக்கிறாள், உள்ளே வேறொருத்தி முதுகு தேய்க்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு.

அவளை நீங்கள் சந்திக்கப்போவதில்லை. ஆனால் உங்கள் வீட்டிலோ, பஸ்ஸிலோ, அலுவலகத்திலோ ஒருவர் விழுவார். அவர் நேற்று நடித்தவராகவே இருக்கட்டும். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் விலக்குங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பைக் கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்குள் நிற்காவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். எழுந்த பிறகு மருத்துவரிடம் அவரோடு நீங்களும் போங்கள். வலிப்பா, மனமா என்று அங்கே யாராவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இரண்டையும் பாருங்கள் என்று கேளுங்கள், அவர்கள் பார்க்கும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.