எதிர்ப்பக்கம் கட்டிய சைக்கிள் ஸ்டாண்டு

1. காலி ஷெட்

மறுநாள் காலை ஆய்வு. புது சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. எங்கள் உதவிப் பொறியாளர், ஏ.இ., என்னைப் பிடித்துக்கொண்டார்.

“யோவ், கம்ப்ளீஷன் போட்டோ எடுக்கணும். காலி ஷெட்டயா எடுக்கறது? எங்கனா போய் சைக்கிள் புடிச்சிக்கினு வா.”

விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் நான் ஒர்க் இன்ஸ்பெக்டர். நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்கள் சிரமமில்லாமல் பஸ் ஏற வேண்டும் என்பது அரசின் கொள்கை. அதன்படி, திண்டிவனம் போகும் ஹைவேயில் ரோடுகள் பிரியும் ஒரு கூட்ரோட்டில் நாங்கள் கட்டியதுதான் அந்த ஸ்டாண்டு. கொள்கையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

2. டைரியில் எழுதியது

கட்டுவதற்கு முன் கணக்கெடுப்புக்குப் போனவனும் நான்தான். பஸ் நிற்கிற பக்கம் ஒரு பஞ்சர் கடை இருந்தது. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் அதன் ஓரம் சைக்கிளை விட்டுவிட்டுப் பஸ் ஏறுவார்கள். அதில் ஒருத்தி அஞ்சலை. திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. ஏழு மணிக்குள் மெஷினில் விரல் வைத்தாக வேண்டும்.

“ஸ்டாண்டு எங்கம்மா வேணும்? எதிர்ப்பக்கம்னா உடுவீங்களா?”

“அந்தாண்ட உட்டுட்டு ரோட்டத் தாண்டி வர்றதுக்குள்ள பஸ்ஸு திண்டிவனத்தயே தாண்டிடும் சார். இந்தாண்டயே ஒரு எடம் குடுங்க, போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜனங்களின் பேச்சென்றால் எனக்கு உயிர். பாக்கெட் டைரியில் வரி மாறாமல் எழுதிக்கொண்டேன். அலுவலகப் படிவத்தில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, சைக்கிள் எத்தனை என்று மட்டும் கேட்டிருந்தது. எந்தப் பக்கம் என்பதற்குக் கட்டம் இல்லை. நானும் எழுதவில்லை.

எங்கள் வழக்கம் இது: முதலில் ஆட்சேபணை இல்லாத புறம்போக்கைத் தேடுவோம், வரைபடமெல்லாம் அப்புறம். புறம்போக்கு எதிர்ப்பக்கம் கிடந்தது. பஸ் பக்கம் நடைபாதை போடுவதற்காகப் பஞ்சர் கடையை எடுத்தோம். பெண்கள் நடைபாதைக் கம்பியில் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

3. போட்டோ

ஏ.இ. சொன்ன அன்று சாயங்காலமே, பஸ் இறங்கிய அஞ்சலையிடம் போய் நின்றேன்.

“நாளைக்கு ஒரே ஒரு நாள் அந்தப் பக்கம் உடும்மா. என் மானம் போயிடும்.”

“ஏற்கெனவே ரெண்டு தபா லேட்டு சார். இன்னொரு தபான்னா வராதன்னுட்டாங்க.”

“கொஞ்சம் முன்னாடி கெளம்பேன்.”

அவள் யோசித்தாள். “சரி, உங்க மூஞ்சிக்காக உடறேன். நீங்கதான எங்க பேச்ச ஒக்காந்து எழுதிக்கினு போனீங்க.”

மறுநாள் அவளைப் பார்த்து இன்னும் எட்டுப் பேர் விட்டார்கள். ரோட்டை நடுவில் பிரிக்கும் சென்டர் மீடியனில் திறப்பு அரை கிலோமீட்டர் தள்ளி. அஞ்சலை அதுவரை போய்த் திரும்பி, சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடிவந்து மீடியன்மேல் ஏறி நின்றாள். லாரிகள் விடவில்லை. இந்தப் பக்கம் பஸ் வந்தது, நின்றது, கிளம்பியது. நான் கண்டக்டரைப் பார்த்துக் கை தட்டினேன். அவர் திரும்பவில்லை.

போட்டோ நன்றாக வந்தது. அறிக்கையில் முதல் பக்கம். முன்வரிசையில் பச்சைக் கூடை வைத்த சைக்கிள் அவளுடையது. அவள் வேலை அன்றோடு போயிற்று.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் அதே கூட்ரோட்டில் அவளைப் பார்த்தேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நின்று, என் சட்டைப்பையைப் பார்த்தாள்.

“இன்னிக்கி ஒண்ணும் எழுதிக்கலயா சார்?”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். படிவத்தில் கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள். யாரும் படிக்க மாட்டார்கள் என்றாலும் எழுதுங்கள். அஞ்சலை சொன்ன வரி இன்றும் என் டைரியில் மட்டும்தான் இருக்கிறது.