மரக்கம்பெனியின் வாய்

விஜயராகவனுக்குப் பிரெஞ்சு தெரியும் என்று ஊரில் முதலில் சொன்னவர் விஜயராகவன்தான். அதற்குப் பிறகு வேறு யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அரியாங்குப்பத்தில் நெல்லும் கத்தரியும் போட்டுப் பிழைத்த குடும்பம் அவருடையது. அது அவருக்கு ஒரு குறை. பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பியபோது தாத்தா அந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்காமல் நாற்று நடப் போய்விட்டாராம். அந்தக் கோபத்தில் தாத்தாவின் திதிக்குக்கூட இவர் வருவதில்லை. மாலை வகுப்பில் சேர்ந்து பிரெஞ்சு படித்தார். தேர்வில் தேறவில்லை. ஆனால் தோளைக் குலுக்கி உதட்டைப் பிதுக்கக் கற்றுக்கொண்டார். சாரம் என்ற பகுதியில் எங்கள் தெருவில்தான் வீடு. கீரைக்காரம்மாவிடம் ஒரு கட்டு வாங்கினாலும் ‘மெர்சி’ என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார். அந்த அம்மா அதை ஏதோ வசவு என்றே நெடுநாள் நினைத்திருந்தது.

கடற்கரைப் பக்கத்து விடுதி ஒன்றில் அவருக்கு வேலை. சாவி கொடுப்பது, வாங்குவது. அங்கேதான் ஹரிகிருஷ்ணன் வந்து தங்கினார். கேமரூன் நாட்டு மழைக்காட்டில் மரம் வெட்டி, தடிகளைக் கப்பலேற்றும் ஒரு கம்பெனியின் மேலாளர் அவர். அந்தப் பக்கத்தில் எல்லாம் பிரெஞ்சு. கம்பெனியிலோ ஒருவருக்கும் அது தெரியாது. விஜயராகவன் ஒரு வெள்ளைக்காரியிடம் வெந்நீர் வராததற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்ததை ஹரிகிருஷ்ணன் கேட்டார். அந்தப் பெண் கோபமாக வந்து சமாதானமாகப் போனாள். வெந்நீர் கடைசிவரை வரவில்லை. இவர்தான் நமக்கு வேண்டிய ஆள் என்று ஹரிகிருஷ்ணன் அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்து காட்டுக்குள் போனதும் விஜயராகவன் மனைவி தாமரைச்செல்வியை வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் ஒரு மரத்தின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. வீட்டுச் சுவர் அகலம்.

“இது விழுந்தா சுத்தி நிக்கிற மரம் பத்தையும் சேத்து இழுத்துக்கிட்டு விழுது தாமரை. நிக்கிற தரையே அதிருது.”

“நீங்க என்னா பண்றீங்க அங்க?”

“நான் பேசறேன்.”

“யார்கிட்ட, மரத்துகிட்டயா?”

அவர் சிரிக்கவில்லை. தான் ‘மொழிபெயர்ப்பு அதிகாரி’ என்று சொன்னார்.

அந்த அதிகாரி செய்த வேலை இதுதான். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கிராமம். அதைச் சுற்றியிருந்த காட்டை வெட்டக் கம்பெனிக்கு அனுமதி இருந்தது. கிராமத்தார் தகராறு பண்ணாமல் இருந்தால் போதும். ஹரிகிருஷ்ணன் இவரை அழைத்துக்கொண்டு போனார். “எதனா சொல்லி ஒத்துக்க வைய்யா,” என்றார். விஜயராகவன் எழுந்து நின்று, பள்ளிக்கூடம் வரும் என்றார், ஆஸ்பத்திரி வரும் என்றார், குழாயில் தண்ணீர் வரும் என்றார். ஹரிகிருஷ்ணன் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. எல்லாம் இவருடைய சொந்தச் சரக்கு.

கிராமத்தின் சார்பில் மெங்கே என்ற பெண்மணி பேசினார். அந்தக் காட்டில் மொவாபி என்று ஒரு மரம் உண்டு. அதன் கொட்டையை ஆட்டித்தான் அந்த ஊர்ப் பெண்கள் சமையலுக்கு எண்ணெய் எடுக்கிறார்கள். மற்ற மரங்களை என்னவோ செய்துகொள்ளுங்கள், ஊரை ஒட்டி நிற்கும் மொவாபி மரங்களைத் தொடக்கூடாது என்றார் மெங்கே. மொவாபிப் பலகைக்கு ஐரோப்பாவில் ஏகக் கிராக்கி. கம்பெனி அக்கரைக்கு வந்ததே அதற்காகத்தான்.

மெங்கே வேகமாகப் பேசினார். விஜயராகவனுக்குப் பாதிதான் புரிந்தது. புரியாத பாதியைத் திருப்பிக் கேட்க வெட்கம். புரிந்த பாதியை ஹரிகிருஷ்ணனிடம் சொல்லப் பயம். இரண்டையும் விழுங்கிவிட்டார்.

“என்னாய்யா சொல்லுது அந்தம்மா?”

“சந்தோஷம்னு சொல்றாங்க சார்.”

மொவாபி மரங்கள் விழுந்தன.

அடுத்து ஹரிகிருஷ்ணனும் இவரும் அந்தப் பக்கம் ஜீப்பில் போனபோது பாதையின் குறுக்கே வெட்டிய மரம் ஒன்று கிடந்தது. ஊரே திரண்டு நின்றது. மெங்கே ஜீப்புக்குள் குனிந்து பார்த்து, “பேசியவன் மட்டும் இறங்கட்டும்,” என்றார். அந்த வாக்கியம் விஜயராகவனுக்கு நன்றாகவே புரிந்தது. புரியாததுபோல் உட்கார்ந்திருந்தார். மொழி தெரியாத ஹரிகிருஷ்ணனுக்கு விரல் யாரைக் காட்டுகிறது என்பது மட்டும் தெரிந்தது. “நீ பேசி முடிச்சிட்டு வாய்யா,” என்று கதவைத் திறந்துவிட்டார். ஜீப் திரும்பிப் போய்விட்டது.

அவரை யாரும் அடிக்கவில்லை. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார்கள், படுக்கப் பாய் கொடுத்தார்கள். விடிந்ததும் வெட்டிய மரத்தின் அடிக்கட்டைமேல் உட்காரவைத்து, அன்று சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் என்றார். சிரித்தார்கள். ஆஸ்பத்திரி என்றார். இன்னும் சிரித்தார்கள். வயலுக்குப் போயிருந்தவர்கள் வந்ததும் அவர்களுக்காக மறுபடியும் சொல்லச் சொன்னார்கள்.

அன்று மாலை மெங்கே எதிரே வந்து உட்கார்ந்தார். இந்த முறை நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

“உங்கள் ஊரில் எண்ணெய் எதில் எடுப்பீர்கள்?”

“தேங்காயில்.”

“உன் அம்மாவின் தென்னையை நான் வெட்டிவிட்டு, அவளுக்குச் சந்தோஷம் என்று உன்னிடம் வந்து சொன்னால் என்ன செய்வாய்?”

 “நான் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன் அம்மா,” என்றார் விஜயராகவன்.

மெங்கே எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. கம்பெனி அரிசி மூட்டைகளையும் இரண்டு போலீஸ்காரர்களையும் அனுப்பியபோது, ஊரார் அரிசியைத் திருப்பிவிட்டு இவரைக் கொடுத்துவிட்டார்கள். இனி அங்கே அவர் பேச்சு எடுபடாது என்று கம்பெனி அவரை ஊருக்கு விமானம் ஏற்றியது.

எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்ததோ வேறு கதை. காட்டுக்காகக் குரல் கொடுத்தாராம், அதனால் கம்பெனி வெளியே அனுப்பிவிட்டதாம். கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடையில் சுற்றுச்சூழல் கூட்டம் நடந்தது. அதற்கு இவரைப் பேசக் கூப்பிட்டார்கள். கதர் ஜிப்பா போட்டுக்கொண்டு போனார். “பழங்குடி மக்கள் என்னைக் கட்டிப்பிடிச்சி அழுதாங்க,” என்றார். கேட்டவர்களும் அழுதார்கள். நானும் முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். ஆளுக்கொரு மரக்கன்று கொடுத்தார்கள்.

கொஞ்ச நாளில் ஹரிகிருஷ்ணனின் போன் வந்தது. விஜயராகவன் குளித்துக்கொண்டிருந்தார். தாமரைச்செல்வி எடுத்தாள்.

“காங்கோல புதுசா காடு எடுத்திருக்கோம்மா. உங்க வீட்டுக்காரரைத்தான் கேக்கறாங்க. அந்த மொவாபி விஷயத்துல கிராமத்துக்காரங்க வேணாம்னு சொன்னதை எங்ககிட்ட சொல்லாமலே சமாளிச்சாரு பாருங்க, அந்தத் தெறமை யாருக்கும் வராது.”

ஈரத்தலையோடு வந்தவரிடம் அவள் கேட்டாள். அவர் முதலில் தோளைக் குலுக்கினார். அவள் நகரவில்லை. கடைசியில் அடிக்கட்டைமேல் உட்கார்ந்ததுவரை எல்லாவற்றையும் சொன்னார். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்.

“அந்தம்மா தென்னையைப் பத்திக் கேட்டப்போ ஒங்களுக்கு ஒண்ணுமே தோணலியா?” என்று அவரைக் கேட்டாளாம்.

“தோணுச்சி. அதுக்கு பிரெஞ்சுல வார்த்தை வரல.”

“சம்பளத்துக்கு வேலை பாக்கறேங்கிறதுக்கு மட்டும் வந்துச்சி.”

அவர் தலையைத் துவட்டினார். மறுவாரமே காங்கோவுக்குக் கிளம்பிவிட்டார். கூட்டத்தில் வாங்கிய மரக்கன்றை நட நேரமில்லை என்று அதை எதிர்வீட்டில் கொடுத்தார்.

அவள் வழியனுப்ப வாசல்வரைகூட வரவில்லை. வீட்டுக்காரர் அங்கே என்ன வேலை பார்க்கிறார் என்று தெருவில் யாராவது கேட்டால், அதிகாரி என்றெல்லாம் அவள் சொல்வதில்லை.

“மரம் வெட்ற கம்பெனில பொய் சொல்றாரு,” என்கிறாள்.