பாறையைத் தொடாத சுவர்

கவுத்தாவின் கடப்பாரைக்கு ஊரில் மறுபேச்சு கிடையாது. கிட்டூயி பக்கத்து வறண்ட ஆற்றில் மணலைத் தோண்டிக் கடப்பாரையைப் போடுவாள். 'ணங்' என்றால் பாறை. 'தொப்' என்றால் இன்னும் தோண்ட வேண்டும். தடுப்புச் சுவர் பாறையில் உட்கார்ந்தால்தான் வெள்ளம் கொண்டுவரும் மணல் அதன் முதுகில் தேங்கும். மணலுக்குள் தண்ணீர் நிற்கும். கோடையில் ஊற்றுத் தோண்டிக் குடிக்கலாம். ஆண்டுக்கு இரண்டு மழை என்பதெல்லாம் பழைய பேச்சாகிவிட்டது. ஊற்று இல்லாவிட்டால் தண்ணீருக்குக் கியந்தாலா வரை பத்து கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

சுவருக்குத் தொண்டு நிறுவனம் சிமெண்டு தந்தது. கல்லும் மணலும் உழைப்பும் பெண்கள் குழுவுடையவை. ஆளுக்கு இத்தனை கல் என்று முறை உண்டு. வராதவள் வீட்டுக் கோழி அன்று குழம்பாகும். எழுபது நாள் தோண்டினார்கள். கடப்பாரை இன்னும் 'தொப்' என்றுதான் சொன்னது. அதற்குள் நிறுவனத்து அதிகாரி முசியிமி போதும் என்றான். மாதக் கடைசிக்குள் சுவர் முடிந்ததாக எழுதி அனுப்ப வேண்டுமாம். கவுத்தா சண்டை போட்டாள். சிமெண்டு மூட்டைகளை லாரியில் ஏற்றிவிடுவேன் என்றான். குழுப் பெண்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். கவுத்தா கடப்பாரையோடு குழியை விட்டு ஏறினாள். மணல்மேலேயே சுவர் எழுந்தது.

மழை வந்தது. வெள்ளம் சுவருக்கு அடியில் புகுந்து தன் போக்கில் போனது. மிஞ்சியது சுவரும், 'பருவநிலை மாற்றத்தை வென்ற ஊர்' என்ற பலகையும்தான். தூ! அந்தப் பலகைக்கு எந்த அவசரமும் இல்லாமல் ஆழமாகவே குழி தோண்டியிருந்தார்கள்.

கோடையில் வெளிநாட்டு விருந்தாளிகள் கேமராவோடு வந்தார்கள். ஊற்றுக்குழி காய்ந்து கிடந்தது. விடியும் முன் கியந்தாலா போய்க் கவுத்தா சுமந்து வந்த இருபது லிட்டர் கேன் அவள் காலடியில் இருந்தது. முசியிமியின் கண் அதில் விழுந்தது.

"அம்மா, அதக் கொஞ்சம் குழியில ஊத்துங்க. அள்ளுற மாதிரி படம் எடுத்துட்டுப் போயிடுவாங்க. தண்ணியப் பார்த்தாத்தான் அடுத்த சுவருக்கு சிமெண்டு வரும்."

கவுத்தா கேனைத் தூக்கினாள். ஊற்றினாள். தன் கையாலேயே ஊற்றினாள். பாதியை மணல் குடிப்பதற்குள் சுரைக்குடுவையால் அள்ளி, சிரிக்கச் சொன்னபோது சிரித்தாள். விருந்தாளிகள் கைதட்டினார்கள். அன்று ராத்திரி அவள் வீட்டில் உலை ஏறவில்லை. முசியிமியையும் விருந்தாளிகளையும்விடத் தன் பல்லிளிப்பை நினைத்துத்தான் அவளுக்கு அதிக அருவருப்பாக இருந்தது.

பொய் பலித்தது. அடுத்த வறட்சியில் சிமெண்டு வந்தது. ஆற்றில் கொஞ்சம் கீழே தள்ளித் தோண்டினார்கள். அறுபதாம் நாள் முசியிமி வந்து, போதும், மேலே ஏறுங்கள் என்றான். கவுத்தா கடப்பாரையைப் போட்டுப் பார்த்தாள். 'தொப்'.

அவள் ஏறவில்லை. கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு குழிக்குள்ளேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். சிமெண்டு திரும்பிப் போய்விடும் என்று முசியிமி மறுபடியும் மிரட்டினான். மேலே நின்ற பெண்கள் முன்போல அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சியோம்புவா என்பவள் கைக்குழந்தையை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். பிறகு இன்னொருத்தி. பிறகு எல்லோரும்.

"சிமெண்டக் கொட்டணும்னா கொட்டு தம்பி," என்றாள் கவுத்தா. "எங்க மேலயே கொட்டு."