யாரும் எழுப்பாத இடம்

“…எவன் வரப்போறான்னு தெனமும் பையத் தூக்கிக்கினு வாசல்ல நிக்கற? ஆறு நாளா பாத்துக்கினுதான் கீறேன். சொல்லு நைனா!” என்றார் ஸ்டெல்லா அக்கா. கும்மிடிப்பூண்டியில் வீடில்லாத இளைஞர்களுக்கான விடுதியின் வார்டன் அவர்.

“அடுத்த ஷிப்ட் ஆளுக்குக்கா” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரியாது. முதலிலிருந்து சொல்லுகிறேன், பிரியமானவர்களே.

அம்மா இறந்ததும் அப்பா வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். ஒப்பந்தக்காரர் கொடுத்த அறையில் எட்டுப் பேர், நாலு பாய். ஒருவன் வேலைக்குப் போனால் அந்தப் பாயில் இன்னொருவன் படுப்பான். வேலை முடிந்து வருகிறவன் காலால் தட்டுவான். “டேய், எந்திரி, என் டர்னு.” இரண்டு வருடம் நான் அப்படித்தான் விழித்தேன். பாயைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். அதுதான் அங்கே மரியாதை.

ஐப்பசி மழையில் ஒப்பந்தம் முடிந்தது. வேலையோடு பாயும் போயிற்று. கையில் மிஞ்சியது ரயில் சீசன் டிக்கெட் ஒன்றுதான். கும்மிடிப்பூண்டிக்கும் சென்னைக்கும் போய்ப் போய் வந்தேன். பெட்டி நிறைய ஆட்கள். என் பேர் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தினமும் பார்க்கிற பூக்கார அம்மா ஒருநாள், “இன்னாபா, ரயில வாடகைக்கு எட்த்துட்டியா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொன்னேரியில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

“இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான்” என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்தே யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அன்று ஆண்டவரிடம் மட்டும் கேட்டேன். “வீடு வேண்டாம் ஆண்டவரே. படுத்தால் யாரும் எழுப்பாத ஓர் இடம் கொடும்.”

அடுத்த ஞாயிறு ஆரம்பாக்கத்தில் ஒரு சபைக்குப் போனேன். பிரசங்கத்தின் நடுவே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது கோயில் காலி. பிரசங்கம் செய்த உபதேசியார் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை எழுப்பாமல் காத்திருந்திருக்கிறார். “எங்க தங்கற தம்பி?” என்று கேட்டார். அத்தனை மாதத்தில் அதைக் கேட்ட முதல் மனிதர். அன்றே விடுதிக்கு அழைத்துப்போனார்.

அங்கே எனக்கென்று ஒரு முகவரி கிடைத்தது. ஆதார் அட்டையை மாற்றினார்கள். வெல்டிங் படிக்க வைத்தார்கள். காய்ச்சல் வந்தபோது பக்கத்துக் கட்டில்காரன் கஞ்சி வாங்கி வந்தான். இன்று காட்டுப்பள்ளிப் பக்கம் வேலை. எலி வளை ஆனாலும் தனி வளை என்பார்களே, அப்படி ஓர் அறை. தனிமை முழுதும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சில மாலைகளில் கதவைத் திறந்ததும் நெஞ்சு கனக்கும். அப்போது பேசுவதற்கு ஆண்டவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார விடுதி இருக்கிறது.

போக இடமில்லாமல் இதை வாசிக்கிறவரே, வெட்கப்படாமல் கேளுங்கள். பாய் வேண்டுமானால் பாய் என்றே கேளுங்கள். ஆண்டவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. வீடு உள்ளவர்களே, ஆராதனையில் தூங்குகிறவனைத் திட்டுமுன் எங்கே தங்குகிறாய் என்று கேளுங்கள். ஆண்டவர் எனக்குப் பதில் அனுப்பியது அந்த ஒரு கேள்வியில்தான்.

ஆனால் விடுதிக்கு வந்த அந்த ஆறாம் நாள் காலையில் இது எதுவும் எனக்குத் தெரியாது. கட்டில் எனக்கு மட்டும்தான் என்பதை நான் நம்பவே இல்லை. பாய்க் கதையைச் சொல்லி முடித்தேன். “எப்படியும் ஒருத்தர் வருவாருக்கா. நான் கிளம்பறேன்” என்றேன்.

ஸ்டெல்லா அக்கா என் கையிலிருந்த பையை வாங்கினார். உள்ளே இருந்த மூன்று சட்டைகளையும் எடுத்துப் போய், வாளித் தண்ணீரில் முக்கினார்.