அண்ணாச்சி என்றொரு மரியாதை

மருத்துவக் கல்லூரியில் எனக்கு நோயாளி வேடம். திருநங்கைகள் சிகிச்சைக்கு வந்தால் எப்படிப் பேச வேண்டும் என்று மாணவர்கள் பழகுவதற்காகப் பேராசிரியை ஒருவர் என்னைக் கூப்பிடுவார். நானும் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரிப் போய் உட்காருவேன். உடம்புக்கு முடியாதவள் இவ்வளவு மினுக்கிக்கொண்டா வருவாள் என்று அந்த அம்மா சிரிப்பார்.

அன்றைக்கு எனக்குக் கொடுத்த நோய் இருமல். எதிரே உட்கார்ந்த பையன் மேலப்பாளையத்துக்காரன், அடக்கமான பிள்ளை. பயத்தில் நிமிர்ந்தே பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தான். எனக்குக் கட்டைக் குரல். நான் இரண்டு வார்த்தை பேசியதும், "எத்தன நாளா இருமுது, அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டான்.

வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. கையைத் தட்டி ஏசப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். 

எனக்கோ என்னோடு ஒரே வீட்டில் இருந்த அக்காவின் நினைப்பு வந்துவிட்டது. அவளும் திருநங்கைதான். பெற்றவர்கள் விரட்டிவிட்ட எனக்குச் சோறு போட்டவள். அவளுக்குச் சளியில் ரத்தம் வந்தபோது, கெஞ்சிக் கூத்தாடி ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த சின்ன டாக்டரும் இப்படித்தான், முகம் சுளிக்காமல், "உக்காருங்க அண்ணாச்சி" என்றார். அவள் மாராப்பைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏளா, அவன் ஏசியிருந்தா நானும் நாலு ஏசிட்டு அங்கனயே உக்காந்திருப்பேன். மரியாதையால்லா சொல்லுதான். அவன்கிட்ட நான் என்னத்தச் சொல்ல?" என்றாள்.

அண்ணாச்சி என்பது எங்கள் ஊரில் ஆம்பிளைகளை மரியாதையாகக் கூப்பிடும் வார்த்தை. ஆனால் அதற்குப் பிறகு அவள் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவில்லை. சண்டை போட்டேன், அழுதேன், பேசாமல் இருந்து பார்த்தேன். கஷாயம் போதும் என்றாள். கடைசியில் நினைவு தப்பிய பிறகுதான் அவளைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. ஆற்றுப்பாலம் தாண்டும் முன்னே, ஆட்டோவில் என் மடியிலேயே போய்விட்டாள். அந்த டாக்டர் மீது எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. அவள் மீதும்தான்.

எதிரே இருந்த பையன் அப்போதுதான் நிமிர்ந்தான். முகம் வெளுத்துவிட்டது. "தெரியாம வாயில வந்துட்டு. மன்னிச்சிருங்க" என்றான்.

"வந்தத விடு. மொதல்ல இருந்து கேளு, தம்பி" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தான். என் முகத்தைப் பார்த்து, பைய, "எத்தன நாளா இருமுது, அக்கா?" என்றான்.

இரண்டு வாரமாக என்று நான் சொல்ல வேண்டும். பேராசிரியை முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்று, பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, இல்லாத இருமலை இருமிக்கொண்டே இருந்தேன்.