அட்டைக்காரர் அமீர் ஹம்சாவின் கால்கள்

அமீர் ஹம்சா பாயின் பிழைப்பு முழங்காலுக்குக் கீழே இருந்தது. உக்கடம் பெரியகுளத்தில் இறங்கி அட்டை பிடித்து, தூண்டில்காரர்களுக்கு உயிரோடு விற்பார். வலை கிடையாது, பொறி கிடையாது. லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடப்பார். அட்டை வந்து காலில் ஒட்டும், பிடுங்கிப் பானையில் போடுவார். அந்தக் கால்களில் ஒன்று எப்படிப் போனது, மற்றது என்ன ஆனது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அருவருப்புப் படுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அட்டை என்றதும் முகத்தைச் சுளிக்கிற ஆட்களே விரால் குழம்புக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுகிறவன். பெயர் கோவிந்தராஜுலு. ஞாயிற்றுக்கிழமையானால் சைக்கிள் கேரியரில் தூண்டிலைக் கட்டிக்கொண்டு உக்கடத்துக்குக் கிளம்பிவிடுவேன். என் வீட்டுக்காரி அந்தத் தூண்டிலைத் தன் சக்களத்தி என்பாள். அமீர் ஹம்சா பாய் எனக்குப் பழக்கமானது தொண்ணூற்று ரெண்டில். அதற்கு முன்னால் அவர் மீன் மார்க்கெட்டில் கேரளா லாரிகளிலிருந்து ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். இடுப்பு விட்டுப்போனதும் அந்த வேலை போயிற்று. சும்மா உட்காரத் தெரியாத மனுஷன், நாலு எட்டில் இருந்த குளத்தில் இறங்கிவிட்டார்.

அட்டை எப்போது வேண்டுமானாலும் கிடைக்கிற சரக்கு இல்லை. ஆனி, ஆடியில் நொய்யலில் தண்ணீர் வந்து குளம் ஏற ஆரம்பித்ததும் சேற்றிலிருந்து மேலே வரும். ஐப்பசி, கார்த்திகையில் கொள்ளையாக இருக்கும். தைப் பனியில் மந்தமாகி, மாசி கழிந்தால் மறுபடி சேற்றுக்குள் போய்விடும். பங்குனி, சித்திரையில் தலைகீழாக நின்றாலும் ஒன்று அகப்படாது. அந்த மாதங்களுக்காகப் பாய் தன் ஒற்றை அறை வீட்டில் பானை பானையாகக் களிமண்ணைக் குழைத்து, அதில் அட்டைகளை விட்டு, துணியால் வாயைக் கட்டி வைத்திருப்பார். ஊரே பெருமை பேசுகிற சிறுவாணித் தண்ணீர் அட்டைக்கு ஆகாது. குழாய்த் தண்ணீரில் கலக்கிற பவுடரில் செத்துவிடும். அதற்கென்று கிணற்றுத் தண்ணீர் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. அட்டை பசியோடு இருக்க வேண்டும். பசித்த அட்டைதான் கொக்கியில் நெளியும், விராலும் அதைப் பார்த்துத்தான் வரும். ரத்தம் குடித்த அட்டை பொத்தென்று தொங்கும், எந்த மீனும் சீண்டாது. ஆகவே கடித்த உடனே, குடிக்க விடாமல் பிடுங்க வேண்டும். ஆரம்பத்தில் பாய் எருமைக்காரர் அப்புசாமியிடம் கேட்டு, அவருடைய எருமைகளைக் குளத்தில் ஓட்டிவிட்டுத்தான் பிடித்தார். எருமை எது கடித்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். பிடுங்கப் போவதற்குள் அட்டை வயிறு முட்டக் குடித்துவிடும். மனிதக் காலில் சுருக்கென்று தெரியும். எருமை பார்த்த வேலையைப் பாய் தன் காலுக்குக் கொடுத்தது அப்படித்தான்.

தொண்ணூற்று நாலில் அவருடைய வலது கால் மரத்துப்போனது. சர்க்கரை வியாதி. மாத்திரை வாங்கியிருந்தார், நினைவு வந்தால் போட்டுக்கொள்வார். முதலில் விரல்களில் பஞ்சு கட்டினாற்போல் இருக்கிறது என்றார். பிறகு பாதம் முழுக்க ஒன்றும் தெரியவில்லை என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"எனக்கும் ஒரு எருமை கெடச்சிருச்சுங்க ராஜுலு. இந்தக் கால்ல எத்தன கடிச்சாலும் வலிக்கறதில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். மழை முடியட்டும் என்றார். மழைதான் அவருக்கு அறுவடை, அதை விட்டுவிட்டு அவர் வரிசையில் போய் உட்கார்ந்திருக்கப் போவதில்லை என்று எனக்கும் தெரியும்.

வலி போனதில் ஒரு சங்கடம் வந்தது. வலது காலில் அட்டை ஒட்டியதே தெரியாமல் அவர் நடந்துகொண்டிருப்பார், அது குடித்துப் பெருத்துவிடும். அதனால் அவர் மனைவி ஜாஹிதா அக்கா கூட வர ஆரம்பித்தார். அதிகம் பேசாத பொம்பளை. பாய் கரையோரமாகத் தண்ணீரில் நடப்பார், அக்கா கரையில் கூடவே நடப்பார். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை பாய் வலது காலைத் தூக்கிக் காட்டுவார், அக்கா குனிந்து பார்த்து அட்டையை நகத்தால் நெம்பி எடுப்பார். ஒருத்தி குளத்தங்கரையில் நின்று புருஷன் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெருவில் பேசினார்கள். பேசினவர்களில் ஒருவரும் வந்து அவருக்குப் பதிலாக நிற்கவில்லை.

அட்டை கடித்த இடத்தில் ரத்தம் லேசில் நிற்காது. பாதி நாளைக்குக் கசிந்துகொண்டே இருக்கும். வீட்டுக்குப் போனதும் அக்கா இரண்டு கால்களுக்கும் மஞ்சளைக் குழைத்து அப்பித் துணி சுற்றிவிடுவார். மகள் நஸ்ரியாவை ஈரோட்டில் கட்டிக்கொடுத்திருந்ததால் மஞ்சளுக்குப் பஞ்சமில்லை. அந்த வீட்டில் பாயில், வாசலில், லுங்கியில் ரத்தம் இருப்பது வாடிக்கையாகிவிட்டது. பார்த்தால் துடைப்பார்கள், அவ்வளவுதான்.

ரத்தம் ஒழுகினால், தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவிச் செய்கிற ஒளு நிற்காது என்பதால் அட்டை மாதங்களில் பாய் பள்ளிவாசல் பக்கம் அதிகம் போக மாட்டார். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகையை மட்டும் விட மாட்டார். அதற்காக வியாழக்கிழமை முழுக்கக் குளத்தில் இறங்காமல் காலைக் காயவிடுவார். வெள்ளிக்கிழமை காலையில் துணியைப் பிரித்தால் ரத்தம் நின்றிருக்கும், அக்கா கழுவிவிடுவார், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போவார்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை எழுந்தபோது படுத்திருந்த பாயில், வலது பாதத்துக்கு அடியில், பச்சை ரத்தம் இருந்தது. முதல் நாள் குளத்துக்கே போகவில்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே யோசனைதான் வந்தது. பானையிலிருந்து ஒரு அட்டை வெளியே வந்து கடித்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு தடவை அப்படி நடந்திருந்தது. படுக்கையை உதறினார்கள், டிரங்குப் பெட்டியை நகர்த்தினார்கள், தலையணை உறையைக் கழற்றிப் பார்த்தார்கள். அட்டை அகப்படவில்லை. அகப்படாததால் எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். ரத்தம் வருகிற காலை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. அக்கா இன்னும் கொஞ்சம் மஞ்சளை அப்பிக் கட்டினார். ஜும்மா போயிற்றே என்று பாய் பகல் முழுக்கச் சிடுசிடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் ரத்தம். இந்தத் தடவை பானைகளின் வாயில் துணிக்கு மேலே கல் வைத்தார்கள். வீட்டில் நாற்றமும் எடுத்தது. தப்பித்த அட்டை பெட்டிக்குப் பின்னால் செத்து அழுகுகிறது என்றார் பாய். களிமண் கெட்டுப்போயிருக்கும் என்று அக்கா எல்லாப் பானைகளையும் கொட்டி மண் மாற்றினார். அந்த வாரம் நான் வீட்டுக்குப் போனேன், எனக்கும் மூக்கில் ஏறியது. குளத்து நாற்றம் என்றுதான் நானும் நினைத்தேன். பாய் அந்தக் காலோடு திங்கள், செவ்வாய், புதன் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார். உள்ளங்காலில் மஞ்சள் சேற்றோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது, அக்கா அட்டை தேடியதும் மேல்பக்கம்தான். அட்டைகள் முன்னைவிட அதிகமாக வலது காலுக்கு வருகின்றன என்று சந்தோஷப்பட்டார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவரால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு கொதித்தது. அக்கா வெந்நீர் வைத்து, காய்ந்து இறுகிப்போன மஞ்சளை ஊறவைத்துப் பெயர்த்தார். உள்ளங்காலில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பொத்தல். அதற்குள் பச்சை பாட்டில் சில்லு ஒன்று இருந்தது. சுற்றிலும் கறுத்திருந்தது. அதை எடுத்து அக்கா கையில் வைத்துக் காட்டியபோது, இது எப்போது குத்தியது என்று பாய் அவரிடமே கேட்டாராம்.

கரையில் உட்கார்ந்து குடித்துவிட்டு பாட்டிலைத் தண்ணீரில் எறிகிறவன் எவன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று கத்தியிருப்பேன். மாத்திரையை மறந்த பாய் மேலும் எனக்குக் கோபம்தான். விசாரிக்க வந்து, முதலிலேயே டாக்டரிடம் போயிருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் மேல் அதைவிடக் கோபம். காலில் தினம் ரத்தம் ஒழுகுவதுதான் தொழில் என்று ஆனவருக்கு எந்த ரத்தம் என்ன ரத்தம் என்று எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் உயிர் போயிருக்கும். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஜாஹிதா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, நானும் பக்கத்தில் இருக்க, பொறுமையாகச் சொன்னார். வலது காலுக்கு வந்தது இடது காலுக்கும் வரலாம். தினமும் தொட்டுப் பாருங்கள், உணர்ச்சி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள். குளத்துத் தண்ணீரில் அந்தக் கால் படவே கூடாது.

நஸ்ரியா ஈரோட்டிலிருந்து வந்து அழுதாள். இரண்டு பேரும் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். மருமகன் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்றார் பாய். நீட்டுவதற்கும் இப்போது ஒன்றுதான் இருக்கிறது என்று அவரே சொல்லிச் சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் அக்கா விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவி, இடது பாதத்தில் அங்கங்கே தொடுவார். தெரிகிறதா என்று கேட்பார். தெரிகிறது, சுண்டு விரல், நடுவிரல், பாதம் என்று பாய் பிசகாமல் பதில் சொல்வார். ஒரு தடவை நானும் கூட இருந்து பார்த்தேன். குச்சி போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அப்போது எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. இந்தக் கால் தப்பித்தது என்று நிம்மதியாகக்கூட வீட்டுக்குப் போனேன்.

வெயில் காலத்தைப் பானை அட்டைகளை விற்று ஓட்டினார்கள். மறு வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது, தூண்டில்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஜாஹிதா அக்கா பாயின் பழைய பேண்ட் ஒன்றைப் புடவைக்கு உள்ளே போட்டு, அதை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு, தானே குளத்தில் இறங்கினார். பாய் ஊன்றுகட்டையோடு வந்து கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பானையைப் பிடித்துக்கொள்வார். அக்காவின் இரண்டு கால்களிலும் உணர்ச்சி இருந்தது. ஒவ்வொரு கடிக்கும் அவர் கண்ணை இறுக்கி மூடித் திறப்பது கரையிலிருந்தே தெரியும். பாய் அதைப் பார்க்க முடியாமல் பானைக்குள்ளேயே குனிந்துகொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவருக்குப் பக்கத்தில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா சற்றுத் தள்ளிப் போயிருந்தார். திரும்பிப் பார்த்தால் பாய் கல்லிலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்து இடது காலைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்தார். எப்போது விட்டார் என்று நான் கவனிக்கவில்லை. எடுங்கள் என்றேன். சும்மா இருங்க என்று கையைக் காட்டினார். அதற்குள் அக்கா பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

"ஏனுங்க, கால எதுக்குத் தண்ணிக்குள்ள உட்டீங்க? டாக்டர் என்னங்க சொன்னாரு?"

"நீயே எத்தன கடி வாங்குவ ஜாஹிதா. இந்தக் காலுக்கு ஒண்ணுமில்ல. இப்பக்கூட ஒண்ணு புடிச்சிருக்குது பாரு, சுருக்குனு தெரியுது."

"எங்கீங்க?"

"பெருவெரல்ல."

கலங்கின தண்ணீர், மேலிருந்து பார்த்தால் காலே தெரியாது. அக்கா அப்படியே தண்ணீரில் மண்டியிட்டு அந்தப் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பெருவிரலில் ஒன்றும் இல்லை. எந்த விரலிலும் இல்லை. குதிகாலுக்குப் பின்னால், பாயின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு அட்டை விரல் தடிமனுக்குப் பெருத்துத் தொங்கியது. வெகு நேரமாகக் குடித்திருக்கிறது.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நகத்தால் நெம்பி எடுத்து, பானையில் போடாமல் எனக்குப் பக்கத்தில் கரையில் எறிந்தார். முந்தானையைக் குதிகாலில் வைத்து அழுத்திப் பிடித்தார். துணி சிவந்தது.

"எடுத்துட்டேனுங்க," என்றார். "பெருவெரல்லதான் இருந்துச்சு."

பாயின் முகம் தெளிந்தது. என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா ராஜுலு. இது நல்ல காலுங்க."

ஜாஹிதா அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஆமாங்க பாய் என்றேன்.